நல்லம்பள்ளியில் ஒரு பாட்டுக்கு உரை எழுதியது

கொழும்பிலிருந்து சேலம் வரை வந்த கதையை விட்டுவிடுகிறேன். கப்பலில் தலை சுற்றியதும் ரயிலில் கால் மரத்ததும் எல்லோருக்கும் நேர்வதுதான். சேலத்தில் தர்மபுரி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எழுதும்படியாக ஏதோ நடக்க ஆரம்பித்தது.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. அந்தப் பக்கத்துப் பஸ்கள் இன்னும் பெட்ரோலுக்குத் திரும்பவில்லை. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய், அதற்குள் அடுப்புக்கரி. கரி கனன்று வரும் வாயுவில்தான் வண்டி ஓடவேண்டும். புறப்படுமுன் கிளீனர் பீப்பாயின் பக்கத்தில் இருந்த கைப்பிடியை வெகுநேரம் சுற்றினார். கடைசி வரிசையில் எனக்கு இடம். பீப்பாய்க்கும் எனக்கும் நடுவே ஒரு தகரம்தான். சேலத்தின் எல்லை தாண்டுவதற்குள் என் வெள்ளைச் சேலை சாம்பல் நிறமாகிவிட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். நான் கதைக்கத் தொடங்கியதும் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மலையாளமா என்றார். தமிழ்தான், யாழ்ப்பாணம் என்றேன். அவர் நம்பவில்லை. முன் இருக்கையில் இருந்த தம்பதி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று அந்த அம்மாளைக் கேட்டேன். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து கணக்கு முடித்துக்கொண்டு வருகிறவள் என்று கணவர் சொல்கிறாராம். நர்ஸ் என்றால் இவ்வளவு அழுக்காக இருக்கமாட்டாள் என்று மனைவி சொல்கிறாராம்.

தொப்பூர் கணவாயில் வண்டி மூச்சை விட்டது. கண்டக்டர் கதவைத் திறந்து, ஆம்பளைங்க எல்லாம் இறங்குங்க, பொம்பளைங்க குந்தியிருங்க என்றார். பாதி ஏற்றத்தில் பொம்பளைகளும் இறங்க வேண்டியதாயிற்று. காலி வண்டி முன்னால் ஊர்ந்து போக, நாங்கள் மூட்டை முடிச்சோடு பின்னால் நடந்தோம். இரண்டு பக்கமும் காய்ந்த முட்செடி, பாறை, குரங்குகள். மழை பொய்த்து இரண்டாவது வருஷம் என்று நடந்துகொண்டே ஒருவர் சொன்னார். மலை உச்சியில் வண்டி எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது. கிளீனர் மறுபடியும் சுற்றிக்கொண்டிருந்தார்.

நான் இந்தத் தொலைவு வந்ததற்குக் காரணம் ஓர் ஆங்கிலப் பாட்டு.

எஸ்தரும் நானும் கொழும்பில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறு வருஷம் ஒன்றாக ஆங்கிலம் படிப்பித்தோம். அவளுக்கு ஊர் நல்லம்பள்ளி. ஜப்பான்காரனுக்குப் பயந்து கொழும்பே காலியானபோது அவளும் ஊர் திரும்பினாள். தகப்பனார் படுக்கையில் விழுந்ததால் அங்கேயே தங்கி, ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தாள். அவர் காலமான பிறகும் திரும்பி வரவில்லை. நாங்கள் கொழும்பில் தொடங்கிய வேலை ஒன்று மட்டும் தபாலில் தொடர்ந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டுகளுக்குத் தமிழில் பொருளும் விளக்கமும் எழுதும் புத்தகம் அது. எல்லாம் அச்சாகிவிட்டது. ஒரே ஒரு பாட்டில் எஸ்தர் பிடிவாதமாக நின்றாள். அதை அப்படியே அச்சிட்டால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதினாள். அச்சகக்காரர் காத்திருந்தார். தலைமையாசிரியை காத்திருக்கவில்லை, நேரில் போய் முடித்துக்கொண்டு வாரும் என்று லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்.

நல்லம்பள்ளியில் இறங்கும்போது எஸ்தர் சாலையிலேயே நின்றாள். நாலு வருஷத்தில் பாதியாகிவிட்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கக்கா, மொதல்ல மொகத்தக் கழுவுங்க. வூட்ல யாருன்னு கேக்கப்போறாங்க" என்றாள்.

வீட்டில் அவள் அண்ணி சாந்தம்மா மட்டும். அண்ணன் பெங்களூரில் மில் வேலை. சாந்தம்மா கேழ்வரகுக் களி உருண்டையும் கொள்ளுக் குழம்பும் வைத்தார். நான் களியை மென்றேன். அது மெல்ல மெல்ல வாயில் பெருகியது. மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று சாந்தம்மா பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் ஊரில் ரேஷன் கூப்பனுக்குக் கிடைக்கும் கோதுமை மாவைப் பிட்டாக அவித்தும் பாணாகச் சுட்டும் தின்று அலுத்துப்போனவள் நான். மூன்றாவது வாயில் களி வழுக்கிக்கொண்டு போயிற்று. நன்றாகவே இருந்தது. இரண்டாவது உருண்டை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சட்டியில் அவருக்கு ஒன்றும் இல்லை என்பதைக் கைகழுவப் போகும்போது பார்த்தேன்.

மறுநாள் பள்ளிக்கு விடுமுறை. ஓட்டு வகுப்பறையில் உட்கார்ந்து அச்சுப்படியை விரித்தோம்.

பாட்டைச் சொல்லிவிடுகிறேன். மலையையும் பூவையும் தனிமையையும் பாடிய அந்தக் காலத்துக் கவிஞர்களில் ஒருவர், அதையெல்லாம் விட்டுவிட்டு நகரத் தெருவுக்கு வந்து எழுதியது. பனிக்காலம், விடியும் நேரம். கவிஞர் நடந்து போகிறார். ஒரு ரொட்டிக் கடையின் பின்சுவரில் வரிசையாக மனிதர்கள் சாய்ந்து தூங்குகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறது. அந்தச் சூட்டுக்காக இவர்கள் இங்கே வருகிறார்கள். இரண்டாம் செய்யுளில் ஒரு சிறுமி. சுவரில் ஒட்டியிருந்த கன்னம் சிவந்திருக்கிறது, மற்றக் கன்னம் நீலம் பாரித்திருக்கிறது. மூன்றாம் செய்யுளில் காவல்காரன் வந்து எல்லோரையும் விரட்டுகிறான். அதே நேரத்தில் கடையின் முன்வாசலில் பெரிய வீட்டு வண்டிகள் வந்து நிற்கின்றன. கடைசிச் செய்யுளில் கவிஞர் தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறார். சூடாக இருக்கிறது. இந்தச் சுவரை நாம் கட்டினோம், கட்டிவிட்டு இதைப் பனிக்காலம் என்கிறோம் என்று முடிக்கிறார்.

முதல் சண்டை சின்னது. ரொட்டிக் கடைக்காரனை நான் என் பொழிப்புரையில், எங்கள் ஊர் வழக்கப்படி, பாண் சுடுகிறவன் என்று எழுதியிருந்தேன். இங்கே பாண் என்றால் யாருக்கும் தெரியாது, பாணன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள். ரொட்டி என்று மாற்றினால் எங்கள் பிள்ளைகள் தோசைக்கல்லில் போடும் ரொட்டியை நினைப்பார்கள் என்றேன். இரண்டையும் போட்டுக்கொள்வது என்று தீர்ந்தது.

அடுத்தது கடைசி வரி. அதில் நான் “நாங்கள் கட்டினோம்” என்று எழுதியிருந்தேன். எஸ்தர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு எடுக்கவேயில்லை. தூங்குகிறவர்களே எழுந்து, எங்கள் கஷ்டத்தை நாங்களே கட்டிக்கொண்டோம் என்று சொல்வதுபோல் இருக்கிறதே, இதைப் படித்துவிட்டுத்தான் மூன்று நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை என்றாள்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் நாங்கள் என்றால் எல்லோரும்தான். ‘வாரும், நாங்கள் கடைக்குப் போவம்’ என்றால் கேட்பவரும் சேர்ந்துதான் போகிறார். இலக்கணத்தில் நாம் வேறு, நாங்கள் வேறு என்று எனக்குத் தெரியும். எழுதும்போது வாய்ப் பழக்கம் கைக்கு வந்துவிட்டது.

"இங்க நாங்க போறோம்னா, நீங்க வரலன்னு அர்த்தங்க்கா" என்றாள் எஸ்தர்.

இரண்டு பேரும் சிரித்தோம். மூன்று மாதமாகத் தபாலில் முறைத்துக்கொண்டதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல். ஆங்கிலத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஒரே சொல்லுக்குள் யாரை வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரை வேண்டுமானாலும் வெளியே தள்ளலாம். தமிழில் எழுதும்போது யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லியே ஆகவேண்டும். நான் அடித்து, நாம் என்று எழுதினேன்.

ஆனால் மீதிப் பாதி சிரிக்கும்படியாக இல்லை. விளக்கத்தின் முடிவில் தலைமையாசிரியை தம் கையால் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். பனிக்காலத்தின் கொடுமையையும் மனித வாழ்வின் விதியையும் நினைத்துக் கவிஞர் வருந்துகிறார் என்பது அது. பள்ளி நிர்வாகத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். அந்த வாக்கியம் இல்லாமல் புத்தகம் வராது, வந்தால் அந்தப் பள்ளியில் எனக்கு மேல்வகுப்பு இருக்காது என்பதை அவர் மறைக்கவில்லை.

இதை எஸ்தரிடம் சொன்னேன். அம்மாவும் இரண்டு தங்கைகளும் என் சம்பளத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும். பனிக்காலம் கொடுமையானதுதானே, அந்த வாக்கியம் பொய்யில்லையே என்றும் சொன்னேன். இங்கே உங்கள் ஊரில் மழை பெய்யாததற்கு யார் என்ன செய்ய முடியும் என்று, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த காய்ந்த காட்டைக் காட்டிக் கேட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "மழ எல்லாருக்குந்தான் பேயலக்கா. பட்டினி எல்லாருக்குமா இருக்குது?"

போன வாரம் தெருவில் மயங்கி விழுந்த பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். அதே சாலையில் தானிய லாரி போவதைச் சொன்னாள். எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாது. இங்கே நிற்பதில்லை என்பது மட்டும் தெரியும். பிறகு, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது, அந்த வாக்கியத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், என் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். 

சரி என்றேன். மறுநாள் தர்மபுரிக்குப் போய், எஸ்தர் பெயரை நீக்கி அச்சிடும்படி அச்சகத்துக்குத் தந்தி அடிப்பது என்று முடிவாயிற்று. அவளுக்கும் தாலுக்கா ஆபீஸில் பள்ளியின் மண்ணெண்ணெய் பர்மிட் வேலை இருந்தது.

காலையில் வந்த பஸ் நிற்காமல் போயிற்று. கூரையிலும் ஆட்கள். முன்பெல்லாம் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு சின்ன ரயில் ஓடியது, யுத்தத்தில் அதன் தண்டவாளத்தையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எஸ்தர் சொன்னாள். கடைசியில் சந்தைக்குப் புளி ஏற்றிப்போன மாட்டுவண்டி ஒன்றில் இடம் கிடைத்தது. வண்டிக்காரர் வத்தல்மலை அடிவாரத்துக்காரர். மலைக்காரர்கள் இறக்கும் புளியை வாங்கி விற்கிறவர். அதியமான்கோட்டைக்கு இப்பால் சக்கரத்தின் கடையாணி எங்கோ விழுந்துவிட, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புளிக்கூடை என் மடியில் கவிழ்ந்தது. காயம் இல்லை. வண்டிக்காரர் ஆணியைத் தேடிப் பின்னால் போனார். நாங்கள் முன்னால் நடந்தோம். நான் கொண்டுவந்ததே இரண்டு சேலை. ஒன்று கரியில் போயிற்று, மற்றது புளியில். தூசி வேறு. செருப்பின் வார் அறுந்து, கையில் எடுத்துக்கொண்டேன்.

ஊருக்குள் எஸ்தர் தாலுக்கா ஆபீஸுக்குப் போனாள். அங்கே கூட்டம், நேரமாகும், நீங்கள் சாப்பிட்டுவிட்டுத் தபாலாபீஸுக்கு வந்துவிடுங்கள் என்றாள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. அரிசிச் சோறு அளவாகத்தான் போட்டார்கள். மேலே கேட்டால் கம்பஞ்சோறு. கத்தரிக்காய்க் கூட்டும் புளிச்சாறும். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் இல்லாமல் ஒரு கறி இறங்காது. இங்கே தேங்காயைக் கண்ணால் காணவில்லை. ஆனாலும் பசியில் இலையை வழித்துச் சாப்பிட்டேன். பயணத்துக்கென்று பையில் ஓர் எனாமல் கோப்பை வைத்திருந்தேன். அதைக் கழுவுவதற்காகப் பின்வாசல் வழியே வெளியே வந்தேன்.

சமையற்கட்டின் பின்சுவர். அதை ஒட்டிப் பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி முன்னாலும் ஒரு சட்டியோ குண்டானோ. எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை. வரிசை நடுவிலிருந்த ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் சேலையை, வெறுங்காலை, கையிலிருந்த கோப்பையை. பிறகு தன் சட்டியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

"இப்பிடி வந்து குந்துங்கம்மா. இன்னும் கஞ்சி வடிக்கல. வடிச்சா நம்ம எல்லாருக்கும் ஊத்துவாங்க."

நான் உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அவள் பெயர் மாதம்மா. இண்டூர்ப் பக்கத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். சாமை விதைத்தது முளைக்கவில்லை. புருஷன் வேலை தேடிப் போன இடத்திலிருந்து இன்னும் சேதி இல்லை. இதையெல்லாம் அழுதுகொண்டு சொல்லவில்லை. நமக்கு இந்தக் கடைதான் தேவலை, அந்தக் கோடிக் கடையில் வடிகஞ்சியில் தண்ணீரைக் கலக்கிறார்கள் என்று, புதிதாக வந்தவளுக்கு வழி சொல்வதுபோல் சொன்னாள். எந்த ஊர் என்று கேட்டாள். தூரம் என்றேன். பாவம் என்றாள்.

கதவு திறந்தது. சமையற்காரர் பெரிய பாத்திரத்தோடு வந்து, ஆளைப் பார்க்காமல் சட்டியை மட்டும் பார்த்து ஊற்றிக்கொண்டே போனார். என் கோப்பையிலும் ஊற்றினார். சோறு வடித்த வெந்நீர். அடியில் நாலைந்து பருக்கை. மாதம்மா மடியிலிருந்து உப்புக்கல் ஒன்று எடுத்து என் கோப்பையில் போட்டாள். குடித்தேன்.

பாத்திரம் காலியானதும் அவர் நிமிர்ந்தார். என் முகம் அடையாளம் தெரிந்துவிட்டது. சற்று முன் இலையில் இரண்டாவது தரம் சாறு கேட்டவள் அல்லவா. பதறிப்போய், "ஐயோ, நீங்க ஏம்மா இங்க குந்தினீங்க? இது இவங்களுக்குங்க. உள்ள வாங்க" என்றார்.

வரிசை முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் எழுந்தேன். மாதம்மா ஒன்றும் கடுமையாகச் சொல்லவில்லை.

"நம்மாளுன்னு நெனச்சிட்டனுங்க" என்றாள். சட்டியைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

அந்த உப்புக்குப் பதிலாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பையைத் திறந்து ஏதாவது கொடுக்கலாம் என்று கை போயிற்று. அவள் அதற்குள் பக்கத்துப் பெண்ணிடம் பேசத் தொடங்கிவிட்டாள். உள்ளே போய்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு முன்வாசல் வழியே வெளியே வந்தேன்.

தபாலாபீஸில் எஸ்தர் காத்திருந்தாள். பர்மிட் கிடைக்கவில்லை, நாளை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். என் முகத்தைப் பார்த்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.  தந்தி எழுத நான் பேனாவை வாங்கியபோது, சம்பளத்தை நினைத்துக்கொண்டு எழுதுங்கள் அக்கா என்று மட்டும் சொன்னாள். நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். இரண்டு பெயரும் இருக்கும், விளக்கத்தின் முடிவு மாறும், படி கையோடு வருகிறது என்பது தந்தி. எழுதும்போது தங்கைகளின் முகம் தோன்றியது. 

அன்று பின்னேரம் வெளிச்சம் இருக்கும்போதே அதே வகுப்பறையில் உட்கார்ந்து முடிவை எழுதினோம். அவள் ஒரு வாக்கியம், நான் ஒரு வாக்கியம். பனியில் எல்லோரும்தான் நடக்கிறார்கள். சுவருக்கு வெளியே சிலர்தான் தூங்குகிறார்கள். பனி வானத்திலிருந்து வருவது, சுவர் கையால் கட்டியது. கையால் கட்டியதற்கு வானத்தின் பெயரை வைப்பதைத்தான் கவிஞர் கண்டிக்கிறார். ‘நாம்’ என்ற சொல்லில் கவிஞரும் இருக்கிறார், ரொட்டி வாங்குகிறவரும் இருக்கிறார், இதைப் படிக்கிற நாமும் இருக்கிறோம். ஆனால் அந்தச் சிறுமி அந்த நாமில் சேர்ந்தவளா என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. அதைச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை என்று அவர் நினைத்திருக்கலாம்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னுடையது. எஸ்தர் அதை இன்னொரு தரம் படித்துவிட்டு, இருக்கட்டும் என்றாள்.

திரும்பும்போது பஸ் கணவாயில் இறக்கம் என்பதால் ஓடியது. பிரேக்கைப் பற்றித்தான் பயம். சாந்தம்மா வறுத்த கேழ்வரகு மாவைத் துணியில் முடிந்து கொடுத்திருந்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. கடல் தாண்டும் இடத்தில் சுங்கக்காரர் அதை முகர்ந்து பார்த்து, இது மருந்தா என்று கேட்டார்.

தலைமையாசிரியை எங்கள் உரையை என் எதிரிலேயே படித்தார். இரண்டு தரம் படித்தார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்றார். புத்தகம் அந்தப் பாட்டு இல்லாமல் வெளிவந்தது. எங்கள் இருவர் பெயரும் இருந்தன. அச்சு ஏற்கெனவே கோத்தாகிவிட்டதால் பக்க எண்ணை மாற்ற முடியவில்லை; நடுவில் நாலு பக்கம் குதிக்கும். எஸ்தருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். கேழ்வரகு விளைந்திருக்கிறது, அண்ணன் வந்துவிட்டார், நாலு பக்கத்தையும் கையால் எழுதிச் செருகிவிட்டேன் என்று பதில் வந்தது.

அடுத்த வருஷம் மேல்வகுப்பு வேறொருவருக்குப் போயிற்று. எனக்கு ஆறாம் வகுப்பு. சம்பளம் குறைந்தது, பெரிய தங்கை டைப் பழகி ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஆறாம் வகுப்பில் என்ன படிப்பிக்கிறேன் என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. ஒரு மழை நாளில் அந்தப் பாட்டைக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக் கொடுத்தேன். விதியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. முதல் வரிசையில் ஒரு பிள்ளை எழுந்தாள்.

"ரீச்சர், சுவருக்கு வெளியில ஆக்கள் படுத்திருக்கிறது அந்தப் பாண்காரருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"அப்ப?" என்றாள். கேட்டுவிட்டு அவள் உட்காரவில்லை.